எந்த நியூகாசில்? இங்கிலாந்திலிருந்து வந்த கரிச்சுரங்கத் தொழிலாளியின் வம்சத்தைத் தேட ஒரு முழு வழிகாட்டி

என் மகள் கட்டிக்கொண்டது பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் பக்கத்துப் பையனை. சம்பந்தி அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பேச்சுவாக்கில், "எங்க கொள்ளுத்தாத்தா இங்கிலாந்துல நியூகாசில்ல இருந்து வந்தவர். கரிச்சுரங்கத்துல வேலை" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்றுச் சும்மா இருந்த நான், "சரி, நான் தேடிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அதில் இரண்டு வருடம் ஓடிப்போனது.

நம் ஊரில் பூர்வீகம் தெரியவேண்டுமென்றால் குலதெய்வம் எந்த ஊர் என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அவர்களுக்குக் குலதெய்வம் கிடையாது. ஆனால் நம்மிடம் இல்லாத அளவுக்குக் காகிதம் இருக்கிறது. கூலிக்குக் கரி வெட்டிய, கையெழுத்துப் போடத் தெரியாத மனிதருக்குக்கூடப் பத்துப் பதினைந்து ஆவணங்கள் தேறும். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். நானும் விட்டேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பக்கத்துக் காகிதங்களைச் சல்லடை போட்டுச் சலித்து முடிக்காமல் இங்கிலாந்துப் பக்கம் போகாதீர்கள். நியூகாசில் என்றால் எந்த நியூகாசில்? வடகிழக்கே டைன் ஆற்றங்கரையில் ஒன்று. ஸ்டாஃபர்ட்ஷயரில் நியூகாசில்-அண்டர்-லைம் என்று இன்னொன்று. இரண்டைச் சுற்றியும் கரிச்சுரங்கங்கள். போதாக்குறைக்கு, உசிலம்பட்டிக்காரர் சென்னையில் யாராவது கேட்டால் "மதுரை" என்று சொல்லிவிட்டுப் போவதுபோல, சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர் எல்லாரும் வெளியூரில் "நியூகாசில்" என்றே சொல்லிவைத்தார்கள்.

முதலில் வீட்டுக்குள்

பழைய பைபிளின் முன்பக்கம், இறுதிச் சடங்கு அட்டைகள், புகைப்படங்களின் பின்புறம், ஓய்வூதியக் கடிதங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவரிடம் பேசி, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள், திருத்தாதீர்கள். "ஏதோ ஹெட்டன்னு பாட்டி சொல்லுவா" என்று சம்பந்தி அம்மாவின் அத்தை சொன்னதை நான் அலட்சியமாக ஓரத்தில் கிறுக்கிவைத்தேன். ஒரு வருடம் கழித்து அந்தக் கிறுக்கல்தான் கைகொடுத்தது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு

அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கு, 72 வருடம் கழித்து எல்லாரும் பார்க்கக் கிடைக்கும். 1950 வரையிலானது இப்போது திறந்திருக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கடைசியாகத் தெரிந்த ஆளிடமிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போங்கள்.

1890-ஆம் ஆண்டுக் கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் அது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. 1880-க்கும் 1900-க்கும் இடையிலுள்ள அந்த இருபது வருடப் பள்ளத்தை ஸ்க்ராண்டன், வில்க்ஸ்-பேரி போன்ற ஊர்களின் முகவரிப் புத்தகங்களை வைத்து ஓரளவு நிரப்பலாம். ஒரு வருடம் "சுரங்கத் தொழிலாளி" என்று கணவர் பெயர் இருக்கும்; அடுத்த வருடம் அதே முகவரியில் "இன்னாரின் விதவை" என்று மனைவி பெயர் இருக்கும். இறந்த வருடம் கிடைத்துவிட்டது.

1880 கணக்கில்தான் வீட்டில் ஒவ்வொருவரும் குடும்பத்தலைவருக்கு என்ன உறவு என்று முதன்முதலாக எழுதினார்கள். எங்கள் ஆளின் பக்கத்தை அப்படியே சொல்கிறேன். கணவர் 41, சுரங்கத் தொழிலாளி. மனைவி 38. பிள்ளைகள் ஐந்து பேர்: 17, 14, 11, 8, 3. முதல் மூவர் பிறந்தது இங்கிலாந்து. கடைசி இருவர் பென்சில்வேனியா. பதினொன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிறது கடல். ஆக, 1869-க்கும் 1872-க்கும் இடையில் வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கத்திலிருந்து இவ்வளவு எடுக்கலாம்.

1900 கணக்கு இன்னும் விசேஷம். பிறந்த மாதமும் வருடமும், அமெரிக்கா வந்த வருடம், குடியுரிமை வாங்கினாரா, எல்லாம் இருக்கும். பெண்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: பெற்றது எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை? எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு ஒன்பது, ஐந்து என்று இருந்தது. சம்பந்தி அம்மா அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நான்கு பேரைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லையாம்.

வந்த வருடத்தை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் கழித்து ஞாபகத்தில் சொல்வதுதானே? ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கும்.

அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்

இந்தத் தேடலில் எல்லாவற்றையும்விட முக்கியமான துண்டு இது. நான் இதை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ தேடினேன். நீங்கள் இரண்டாவதாகத் தேடுங்கள்.

பென்சில்வேனியாவில் மாநில அளவில் இறப்புப் பதிவு 1906-ல் தொடங்கியது. 50 வருடம் கடந்த சான்றிதழ்களை யாரும் பார்க்கலாம். அதில் இறந்தவரின் அப்பா பெயரும், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரும் இருக்கும். கடல் தாண்டி வந்தவர் 1906-க்கு முன்பே இறந்திருந்தால் என்ன செய்வது? பிள்ளைகளின் சான்றிதழை எடுங்கள். ஒருவருடையது போதாது, எல்லாருடையதையும் எடுங்கள். தகவல் சொன்னவர் யார் என்ற வரியையும் படியுங்கள். மருமகன் சொல்லியிருந்தால் மாமியாரின் அம்மா பெயர் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? எங்களுக்குக் கிடைத்த ஐந்து சான்றிதழ்களில் மூன்றில் ஒரே பெயர், ஒன்றில் எழுத்துப்பிழையோடு அதே பெயர், ஒன்றில் "தெரியாது".

கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) எல்லைகளைக் கவனியுங்கள். ஸ்க்ராண்டன் இருக்கும் லாக்கவானா கவுண்டி 1878-ல்தான் லூசெர்ன் கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய நீதிமன்றக் காகிதங்களை வில்க்ஸ்-பேரியில் தேட வேண்டும். கல்யாண உரிமம் வாங்கும் முறை மாநிலத்தில் 1885 அக்டோபரில்தான் வந்தது. கவுண்டி அலுவலகங்களில் பிறப்பு, இறப்புப் பதிவு 1893 முதல் 1905 வரை உண்டு. அதற்கும் முன்னால் சர்ச் பதிவேடுகளே கதி.

குடியுரிமை, கப்பல்

எல்லாரும் முதலில் ஓடுவது கப்பல் பட்டியலுக்குத்தான். சினிமா பார்த்த பாதிப்பு. 1892-க்கு முன்னால் வந்தவர் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் இறங்கியிருக்கவே முடியாது. அது திறந்ததே 1892 ஜனவரி 1-ல். நியூயார்க்கில் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் என்ற இடம்தான். அந்தக் காலத்துப் பட்டியலில் பெரும்பாலும் பெயர், வயது, தொழில், "இங்கிலாந்து" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. சொந்த ஊர் இருக்காது. பிரிட்டன் பக்கத்தில் கிளம்பியவர்களின் பட்டியல் 1890-லிருந்துதான் மிஞ்சியிருக்கிறது.

ஒரு தந்திரம் மட்டும் வேலை செய்யும். தனியாக வந்த 32 வயது ஆணைத் தேடாதீர்கள், ஆயிரம் பேர் இருப்பார்கள். புருஷன் முன்னால் வந்து வேலை தேடிக்கொண்ட பிறகு பெண்டாட்டி பிள்ளைகள் பின்னால் வருவதுதான் வழக்கம். அந்த அம்மாவைத் தேடுங்கள். 8, 5, 2 வயதில் மூன்று பிள்ளைகளோடு, அதே பெயர்களோடு வரும் பெண் ஒருத்திதான் இருப்பாள்.

குடியுரிமைக் காகிதத்திலும் 1906 செப்டம்பருக்கு முன்னால் பெரிதாக ஒன்றும் இருக்காது. எந்த நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம் என்ற காலம் அது. அதற்குப் பிறகு வந்த படிவங்களில்தான் பிறந்த ஊர், வந்த கப்பல் எல்லாம் கேட்டார்கள்.

சுரங்க ஆய்வாளர் அறிக்கைகள்

1869 செப்டம்பர் 6-ல் பென்சில்வேனியாவின் பிளிமத் ஊருக்குப் பக்கத்தில் அவான்டேல் சுரங்கம் தீப்பிடித்தது. மேலே வர ஒரே வழி, அதுதான் எரிந்தது. 110 பேர் செத்தார்கள். அடுத்த வருடமே ஆந்த்ரசைட் என்ற கடினக் கரி வெட்டும் சுரங்கங்களுக்கெல்லாம் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் இதே பாடத்தை 1862 ஜனவரியில் படித்திருந்தார்கள். ஹார்ட்லி சுரங்கத்தின் ஒற்றைக் குழி அடைபட்டு 204 பேர் செத்தபின், இரண்டு குழி இல்லாமல் சுரங்கம் நடத்தக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். எங்கள் ஆள் மாதிரி வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு ஹார்ட்லி தெரியாமல் இருந்திருக்காது.

நமக்கு வேண்டியது, அந்தச் சட்டத்தால் வந்த ஆய்வாளர்களின் வருடாந்திர அறிக்கை. யார் செத்தார், யாருக்குக் காயம், எந்தச் சுரங்கம், எப்படி என்று பெயரோடு இருக்கும். விதவை எத்தனை, அப்பா இல்லாத பிள்ளைகள் எத்தனை என்ற கணக்கும் இருக்கும். பாறை விழுந்து கால் முறிந்ததுகூட வரும். தேதி கிடைத்தால் உள்ளூர்ப் பத்திரிகையைத் தேடுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தொகுப்பு இலவசம்.

கல்லறைக்கு நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். ஆந்த்ரசைட் வட்டாரத்து ஆங்கிலேயர், வெல்ஷ்காரர் கல்லறைகளில் "இன்ன ஊரில் பிறந்தவர்" என்று வெட்டியிருப்பது சகஜம். எங்கள் ஆளின் கல்லில் "டர்ஹாம், இங்கிலாந்து" என்று இருந்தது. வடகிழக்கில் டர்ஹாம் என்று ஒரு நகரமும் உண்டு, ஒரு மாவட்டமும் உண்டு. ஆனாலும் ஸ்டாஃபர்ட்ஷயர் கணக்கிலிருந்து போனது. அதுவே பெரிய நிம்மதி.

இப்போது கடல் தாண்டலாம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கப் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. இதன் அட்டவணையைத் தேட இரண்டு வழி. தன்னார்வலர்கள் உருவாக்கிய ஃப்ரீபிஎம்டி ஒன்று. இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் அரசாங்கப் பொதுப் பதிவகத்தின் சொந்தத் தளம் இன்னொன்று. கணக்குத் தொடங்கினால் தேடுவது இலவசம். பழைய அட்டவணையில் 1911-க்கு முன்னால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கிடையாது. பதிவகத்தின் புதிய அட்டவணையில் அது 1837-லிருந்தே இருக்கிறது.

இதற்காகத்தான் அந்தப் பெயரை முதலில் பிடிக்கச் சொன்னேன். அப்பாவின் குடும்பப் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தேடுங்கள். ஆண், பெண் என்று தனித்தனியாகத் தேட வேண்டும். ஒரு தடவைக்குச் சில வருடங்கள்தான் தேட முடியும். பொறுமை வேண்டும். எங்கள் குடும்பப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். அதை மட்டும் போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் ஐந்தே பெயர். 1863, 1866, 1869: 1880 கணக்கில் இருந்த மூன்று பிள்ளைகள், அதே பெயர்கள். கூடவே 1864, 1867-ல் பிறந்த இரண்டு பேர். இறப்பு அட்டவணையின்படி இருவரும் இரண்டு வயதுக்கு முன்பே இறந்திருந்தார்கள். ஒன்பதில் குறைந்த நான்கில் இரண்டு பேருக்குப் பெயர் கிடைத்தது.

அட்டவணையில் ஊர் இருக்காது, பதிவு மாவட்டம் மட்டும்தான் இருக்கும். எங்களுடையதில் ஈஸிங்டன், டர்ஹாம், ஹௌடன்-லி-ஸ்ப்ரிங் என்று மாறி மாறி வந்தது. சான்றிதழை வாங்கினால்தான் ஊரும் அப்பாவின் தொழிலும் தெரியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். மூத்த பிள்ளையுடையதையும் பெற்றோரின் கல்யாணச் சான்றிதழையும் வாங்குங்கள். கல்யாணச் சான்றிதழில் இரு தரப்பு அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். ஒரே காகிதத்தில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். எங்கள் ஜோடி இருவரும் கையெழுத்து இடத்தில் பெருக்கல் குறிதான் போட்டிருந்தார்கள். அதனால் பெயரின் எழுத்துகளை நம்பாதீர்கள். எழுதியவர் காதில் விழுந்ததுதான் எழுத்து.

பிள்ளைகள் பிறந்த ஊர்களே அவர் நடந்த வழி

இங்கிலாந்துக் கணக்கெடுப்பு 1841-லிருந்து 1921 வரை பார்க்கக் கிடைக்கிறது. 1841-ல் உறவுமுறை இல்லை, பிறந்த ஊர் இல்லை, பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்தும் எழுதினார்கள். 1851-லிருந்துதான் ஒவ்வொருவரின் பிறந்த ஊரும் வரும்.

1871 ஏப்ரல் 2 இரவுக் கணக்கில் எங்கள் கொள்ளுப்பாட்டி ஹெட்டன்-லி-ஹோல் கிராமத்தில், தன் அப்பா வீட்டில், மூன்று பிள்ளைகளோடு இருந்தார். அத்தை சொன்ன அதே ஹெட்டன். "கல்யாணமானவர்" என்று இருக்கிறது, புருஷனைக் காணோம். அவர் முன்னாலேயே கப்பலேறிவிட்டார். மூத்தவன் பிறந்தது ஹாஸ்வெல், அடுத்தவள் காக்ஸ்ஹோ, கடைக்குட்டி ஹெட்டன். ஆறு வருடத்தில் மூன்று ஊர்.

ஏன் இப்படி ஊர் ஊராக அலைந்தார்கள்? டர்ஹாமில் ஆண்டு ஒப்பந்த முறை இருந்தது. தொழிலாளி ஒரு சுரங்கத்துக்கு வருடம் பூராவும் கட்டுப்பட்டவர். ஒப்பந்தம் முடிந்ததும் வேறு சுரங்கம். அந்த முறை 1872-ல்தான் ஒழிந்தது. வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். சட்டி பானை கட்டில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த கிராமத்துக்குப் போவதற்கு அந்த ஊர்ப் பேச்சில் "ஃப்ளிட்டிங்" என்றே ஒரு வார்த்தை உண்டு. அதனால் ஒரு ஊரில் ஆளைக் காணவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். சுற்றி ஐந்தாறு மைலுக்குள் உள்ள எல்லாச் சுரங்கக் கிராமங்களையும் பாருங்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. 1860-களில் வேலைநிறுத்தத்தை முறிக்கக் கார்ன்வாலின் தகரச் சுரங்கத்துக்காரர்களை வடகிழக்குக்குக் கூட்டி வந்தார்கள். லங்காஷயரின் "ஆங்கிலேயர்" பலர் பிறப்பால் ஐரிஷ்காரர்.

தொழில் பத்தியில் வரும் சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஹூவர் என்றால் கரி வெட்டுபவர். புட்டர், கரித்தொட்டியைத் தள்ளும் வாலிபன். டிராப்பர், காற்றோட்டக் கதவைத் திறந்து மூட இருட்டில் உட்கார்ந்திருக்கும் சிறுவன். 1842 சட்டத்துக்குப் பிறகு பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும், எந்த வயதுப் பெண்களையும் கீழே இறக்கக்கூடாது என்றானது. சிங்கர் என்று பார்த்ததும் எனக்குத் தையல் மெஷின்தான் ஞாபகம் வந்தது. புதுச் சுரங்கத்துக்குக் குழி தோண்டுபவராம். இந்தச் சொற்களை வரிசையாக வைத்தாலே ஒருவர் வாழ்க்கையில் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று தெரியும். கம்பெனி வேலைப் பதிவேடு கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். 1947-ல் அரசுடைமை ஆவதற்கு முன் எல்லாம் தனியார் சுரங்கங்கள். தொழிலாளர் பதிவேடுகள் மிஞ்சியது அபூர்வம். சுரங்கச் சாவுகளுக்கு டர்ஹாம் சுரங்க அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

நான் தவறான ஆளைப் பிடித்த கதை

அதே பெயர், அதே சர்ச் வட்டாரம், ஒரு வயதுதான் வித்தியாசம். கிடைத்துவிட்டார் என்று குதித்து, அவருடைய அப்பா, தாத்தா வரைக்கும் மரம் வரைந்து சம்பந்தி அம்மாவுக்குப் பிரிண்ட் எடுத்தும் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஏதோ சந்தேகத்தில் 1881 இங்கிலாந்துக் கணக்கைப் பார்த்தால், மனுஷன் டர்ஹாமிலேயே நிம்மதியாகக் கரி வெட்டிக்கொண்டிருக்கிறார். பென்சில்வேனியாவில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்க வேண்டியவர்!

அதிலிருந்து ஒரு பழக்கம். "இவர்தான்" என்பதற்கு ஆதாரம் தேடுவதற்கு முன்னால், அதே பெயருள்ள மற்றவர்களை ஒவ்வொருவராகக் கழிப்பேன். இவர் கிளம்பியிருக்க வேண்டிய தேதிக்குப் பிறகும் இங்கிலாந்தில் இருக்கிறாரா? கல்யாணம் வேறு பெண்ணோடா? முன்பே செத்துவிட்டாரா? மிஞ்சுபவரைத்தான் மரத்தில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் இணையத்தில் போட்டுவைத்திருக்கும் மரங்களையும் அப்படியே நகலெடுக்காதீர்கள். என் தப்பு மரத்தை நான் அழிப்பதற்குள் இரண்டு பேர் நகலெடுத்துவிட்டார்கள்.

டிஎன்ஏ பரிசோதனையும் செய்து பார்த்தோம். சம்பந்தி அம்மாவுக்கு டர்ஹாமில் நாலைந்து தூரத்து உறவுகள் காட்டியது, அவர்களில் ஒருவருடைய மரத்தில் கொள்ளுப்பாட்டியின் தங்கை இருந்தார். காகிதத்தில் கண்டதற்கு அது நல்ல சாட்சி. காகிதம் இல்லாமல் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது.

1837-க்கு முன்னால்

இங்கே சர்ச் பதிவேடுகள்தான். 1538-ல் தொடங்கிய முறை, ஆனால் எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது மிஞ்சவில்லை. 1813-லிருந்து ஞானஸ்நானப் பதிவு அச்சடித்த படிவத்தில் இருக்கும். அப்பாவின் தொழிலும் வரும். சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் கிடைக்காவிட்டால், அதிலிருந்து பிரிந்த மெத்தடிஸ்ட் சபைகளைப் பாருங்கள். வடகிழக்குச் சுரங்கக் கிராமங்களில் ப்ரிமிட்டிவ் மெத்தடிஸ்ட் சபைக்குப் பெரிய செல்வாக்கு.

டர்ஹாம், நார்தம்பர்லாந்து வம்சமென்றால் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பிஷப் ஷூட் பாரிங்டன் உத்தரவால் 1798 முதல் 1812 வரை அங்கே ஞானஸ்நானப் பதிவில் பிறந்த தேதி, எத்தனையாவது குழந்தை, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பெற்றோர் இருவரின் சொந்த ஊர் எல்லாம் எழுதினார்கள். எங்கள் ஆளின் அப்பா 1805-ல் பிறந்தவர். அந்த ஒரே வரியில் அவருடைய அப்பாவின் ஊரும் அம்மாவின் ஊரும் கிடைத்தன. அதற்கு மேலே போக இன்னும் முடியவில்லை.

கடைசியாக வரைபடம்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசாங்க நில அளவைத் துறை) வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கணக்கெடுப்பில் இருக்கும் வீட்டு வரிசையின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். பல இடங்களில் இப்போது ஒன்றும் இருக்காது. சுரங்கம் மூடினால் ஊருக்கு எதிர்காலமில்லை என்று 1951-ல் டர்ஹாம் மாவட்ட நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களை "டி" பிரிவில் போட்டு, அவற்றில் இனி முதலீடு கிடையாது என்றது. சில கிராமங்கள் அப்படியே இடிந்து மறைந்தன.

மூத்தவன் பிறந்த வரிசை இன்று புல்வெளி. பழைய வரைபடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள், பின்னால் சுரங்கத்துக்குப் போகும் தண்டவாளம், வரிசையின் கோடியில் "பி" என்ற ஒற்றை எழுத்து. அது கைப்பம்பைக் குறிக்கும் என்று சொன்னேன். சம்பந்தி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த எழுத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் விரலால் அளந்தார். "குடத்தைத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் நடந்திருக்காங்க" என்றார்.